வாஹித் பாய் கேட்காமல் விட்ட கேள்வி

நீதித்துறை நடுவர் முன்னிலையில் கஜபதி என்பவர் தாமாக வந்து சொல்ல, அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் கஜபதி. தகப்பனார் பெயர் முனியன், அவர் இப்போது உயிருடன் இல்லை. வயது நாற்பத்தேழு. திருத்தணி வட்டம், கே.ஜி.கண்டிகையை அடுத்த கிராமத்தில் சொந்த வீட்டில் என் மனைவி பாஞ்சாலியுடன் குடியிருக்கிறேன். ஒரே மகளைச் சித்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டோம். மலைக்கரட்டை ஒட்டி எங்களுக்கு நிலம் இருக்கிறது. அதில் வேர்க்கடலையும் நெல்லும் பயிர் செய்து ஜீவனம் செய்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். தெலுங்கு பேசுவேன்.

நடுவர் ஐயா, தாம் போலீஸ்காரர் இல்லை என்றும், நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும் சொல்லி, யோசித்துவிட்டு வா என்று நேற்று என்னைத் திருப்பி அனுப்பினார். யோசித்தேன். யோசித்ததில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்று மறுபடி வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவோ மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. என் மனைவி திட்டினாள். அது மிரட்டலில் சேராது என்று நடுவர் ஐயா சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அரக்கோணத்தைச் சேர்ந்த துப்பாக்கிப் பயிற்சியாளர் வாஹித் என்பவர் மீது ஒரு வழக்கு இருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டே அறியாத ஓர் ஆளிடம் தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாகக் கொடுத்தார், அதனால் விபத்து நடந்தது என்பது அந்த வழக்கு. அவருடைய பயிற்சி உரிமத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை முடிந்ததும் ரத்தாகும் என்று பேச்சு. காலில் குண்டு பட்டதும் அவருக்குத்தான், வழக்கும் அவர் மேல்தான். அந்தத் தொட்டே அறியாத ஆள் என்று எழுதியிருப்பது என்னை. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவனும் நானே. அதைச் சரி செய்யத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை காய் பிடிக்கும் காலத்தில் கரட்டிலிருந்து காட்டுப் பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் ஏர் ஓட்டியது போல நிலத்தைப் புரட்டிவிட்டுப் போகும். புடவை கட்டி வைத்தோம், டப்பா தட்டினோம், முடிவெட்டும் கடையிலிருந்து மயிர் வாங்கி வந்து வரப்பில் தூவினோம். பன்றி அதன் மேலேயே படுத்துவிட்டுப் போனது. என் தகப்பனாரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடித்து, பின்னால் தீப்பொறிக்குக் கேப்பு வைத்துச் சுடுகிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. அதற்கு உரிமம் கிடையாது. அவர் காலத்திலும் கிடையாது, என் காலத்திலும் கிடையாது. அவருக்குப் பிறகு அதை நான் வைத்துக்கொண்டு, காவலுக்குப் போகும்போதெல்லாம் சுட்டு வந்தேன். மற்ற நாட்களில் யூரியா சாக்கில் சுற்றி மோட்டார் கொட்டகையின் கூரைக்குள் செருகி வைத்திருப்பேன். என் மனைவிக்கும் அவள் தம்பி டில்லிபாபுவுக்கும் அந்த இடம் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அந்தத் துப்பாக்கியைச் சுடும் முறையை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஈரம் ஏறினால் சில நேரம் கேப்பு பற்றாது. கேப்பைத் தட்டுகிற குதிரை விழும், டக்கென்று மட்டும் சத்தம் வரும். கொல்லையில் காவலுக்குக் கட்டிய பரண் மேல் துணைக்கு வருகிற ஆள், முன்பு நான், இப்போது டில்லிபாபு, எப்போதும் வலது பக்கம் உட்காருவது வழக்கம், மருந்துப் பையும் அந்தப் பக்கம்தான் இருக்கும். அதனால் துப்பாக்கி வெடிக்காமல் போனால் குழலை உடனே இடது பக்கம் தரையைப் பார்க்கச் சாய்த்து, வலது கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, வாயால் ஊதி, வேறு கேப்பு வைக்க வேண்டும். இதற்குள் பன்றி ஓடிவிடும் என்பதால் சீக்கிரமாகச் செய்ய வேண்டும். என் தகப்பனார் இப்படித்தான் பழக்கினார். கண்ணால் பார்க்காமல், யோசிக்காமல், கை தானே செய்யும். கேட்டால் பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பேன். கேட்ட இடத்தில்தான் சொல்லவில்லை.

இந்தத் தையில், உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஊருக்கு ஊர் தண்டோரா போட்டார்கள். பக்கத்து ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். அதன் பிறகு என் மனைவி, பயிர்ப் பாதுகாப்புக்கு முறையாக உரிமம் வாங்கு, இந்தச் சனியனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று நச்சரித்தாள். உரிமம் கேட்டு மனு செய்தேன். ஆனால் கையில் இருந்ததைக் கொடுக்கவில்லை. உரிமம் வந்து புதுத் துப்பாக்கி வாங்கிய பிறகு பழையதைக் கிணற்றில் போட்டுவிடலாம், அதுவரை கடலைக்குக் காவல் வேண்டுமே என்று நினைத்தேன். உரிமம் கேட்பவர்கள் பயிற்சி பெற்றதற்குச் சான்று காட்ட வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னார்கள். டில்லிபாபுவும் பாங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளி வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான், அவனுக்கும் அந்தச் சான்று வேண்டும். ஆகவே மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் என் வண்டியில், ஒரு தனியார் ரைபிள் சங்கம் பழைய கல்குவாரிக்குள் வைத்திருக்கும் பயிற்சித் தளத்துக்குப் போனோம். போகிற வழியில் மலையைப் பார்த்து ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போனோம்.

அங்கே எங்களைத் தவிர அம்மையார்குப்பத்தைச் சேர்ந்த பக்தவச்சலம் என்பவர் மட்டும் வந்திருந்தார். விசைத்தறி வைத்திருக்கிறார். தறிச் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகிவிட்டதால் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். காதடைப்பு கொடுத்தபோது, "எனக்கு எதுக்குங்க, கடவுளே மாட்டி வுட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். வாஹித் பாயும் சிரித்தார், ஆனால் மாட்டாமல் விடவில்லை.

வாஹித் பாய்க்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மற்ற நாட்களில் அரக்கோணத்தில் தையல் மெஷின் பழுது பார்ப்பவர், ஞாயிறுகளில் சங்கத்தில் பயிற்சி கொடுப்பவர் என்று சொன்னார்கள். அவர் துப்பாக்கியை வெளியே எடுப்பதற்கு முன் எங்களை நிழலில் உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். அதில் ஒன்று இது. "டிரிக்கர் இழுத்தும் வெடிக்கலன்னா, குழல் எங்க பாத்துகினு இருந்துச்சோ அங்கியே பாத்துகினு இருக்கணும். கையை எங்கியும் கொண்டுபோகாதீங்க. பாய்னு ஒரு குரல் குடுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்." பக்தவச்சலத்துக்காக இதை இரண்டாம் முறையும் சொன்னார். ஆகையால் நான் இதை இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு அவர் எங்கள் மூவரையும் தனித்தனியாகப் பார்த்து, "இதுக்கு முன்னாடி யாராவது துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். யாரும் பேசாததால், "இங்க காடு இருக்கு, பன்னி இருக்கு, எனக்கும் தெரியும். நாட்டுத் துப்பாக்கி பழகின கைக்கு நான் வேற மாதிரி சொல்லித் தரணும், அதுக்குத்தான் கேக்கறேன். எங்க பழகினீங்கன்னு கேக்க மாட்டேன். பழகியிருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். டில்லிபாபு தரையைப் பார்த்தான். நான், "இல்ல பாய், இன்னிக்குத்தான் தொடப் போறேன்" என்றேன். அவர் என்னைச் சொல்ல வைக்க இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், நான்தான் உள்ளே போகவில்லை.

முதலில் ஏர் ரைபிள் கொடுத்தார். அது காற்றழுத்தத்தில் சின்ன ஈயக் குண்டைத் தள்ளுவது. எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் சரியாகச் சுட்டால் சந்தேகம் வரும் என்று பயந்து, வேண்டுமென்றே துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் பதிக்காமல் தூக்கலாகப் பிடித்துச் சுட்டேன். குண்டுகள் குறிக்கு வைத்த அட்டைக்கு மேலும் பக்கத்திலும் போயின. பக்தவச்சலத்தின் அட்டையில் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே ஓட்டைகள் இருந்தன. அவர் என் அட்டையைப் பார்த்து, "என்னாங்க, பன்னிய வுடுங்க, பேப்பரே உங்களைப் பாத்து பயப்படாது போலகீதே" என்றார். டில்லிபாபு சிரித்துவிட்டான். அது எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் பரண் மேல் உட்கார்ந்தவன், தறிக்காரர் வாயால் இப்படிக் கேட்கிறோமே என்று இருந்தது.

இரண்டாவதாக பாயின்ட் டூ டூ ரைபிள். அது நிஜத் தோட்டா. சிறிய தோட்டாதான். மணல் மூட்டை மேல் குழலை வைத்து, படுத்த நிலையில் சுட வேண்டும். நான் இதிலும் கொஞ்சம் தப்பாகச் சுடுவது என்றுதான் படுத்தேன். படுத்து, கன்னத்தைக் கட்டையில் வைத்து, மூச்சை விட்டு நிறுத்தியதும் எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. எல்லாத் தோட்டாவையும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குள் போட்டேன். வாஹித் பாய் அட்டையைக் கழற்றி எடுத்து வந்து, அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல் தடவையா?" என்றார்.

"ஆங்" என்றேன்.

"சில பேருக்குக் கை இப்படித்தான் அமையும். அல்லா குடுக்கறது" என்று சொல்லி அட்டையை என்னிடமே கொடுத்தார். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பக்தவச்சலம் பார்க்கும்படி வைத்தேன்.

மூன்றாவது பிஸ்டல். அதை நான் உண்மையிலேயே அதுவரை தொட்டதில்லை. ஒற்றைக் கையை நீட்டிப் பிடிக்கும்போது குழலின் நுனி வட்டம் போட்டது. நடுங்காமல் நிறுத்த முடியவில்லை, ஒரு தோட்டாவும் அட்டையில் படவில்லை. வாஹித் பாய் என் முழங்கையைப் பிடித்து நிமிர்த்தி, பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார். ரைபிள் அட்டையைப் பார்த்து அவருக்கு ஏதாவது சந்தேகம் வந்திருந்தால், பிஸ்டலில் என் நடுக்கத்தைப் பார்த்துப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் பொய் சொன்னது ஒரு துப்பாக்கியைப் பற்றி, அதற்கு உண்மையாகவே சாட்சி சொன்னது இன்னொரு துப்பாக்கி.

அதன் பிறகு ஒரு விஷயம் நடந்தது. அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். டில்லிபாபு பிஸ்டலோடு நின்றபோது, குவாரி விளிம்பிலிருந்து இரண்டு மயில்கள் குண்டு தாங்கும் மண்மேட்டின் மேல் இறங்கின. எங்கள் கடலைக் கொல்லையில் பன்றி மிச்சம் வைப்பதைத் தின்பது இவைதான், மலைமேல் இருப்பவருடைய வாகனம் என்பதால் வைய முடியாமல் நிற்போம். வாஹித் பாய் உடனே நிறுத்தச் சொல்லி, தோட்டாவைக் கழற்றச் சொல்லி, எல்லாத் துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்த்து மேஜை மேல் வைத்துவிட்டு, கைதட்டிக்கொண்டே அவ்வளவு தூரமும் நடந்துபோய் மயில்களை விரட்டினார். அவை போய் மறையும் வரை திரும்பி வரவில்லை. மயிலுக்காக இத்தனை செய்த மனிதர், மனிதர்கள் விஷயத்தில் அஜாக்கிரதையாக இருந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசியாகப் பன்னிரண்டு போர் என்று சொல்கிற இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியை எடுத்து வந்தார். முதல் நாள் வருகிறவர்களுக்கு அதைக் கையில் பிடித்துப் பார்க்க மட்டும் கொடுப்பது வழக்கம், சுடக் கொடுப்பதில்லை என்று சொன்னார். வழக்கில் இது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடந்தது இது. நான்தான் கேட்டேன். "ரெண்டு போட்டுப் பாக்கட்டா பாய்? பயிருக்கு வாங்கப் போறது இதுதானே" என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன், விளையாட்டாகத்தான். அவர் சிரித்து, சரி, ஒரு குழலில் மட்டும், ஒவ்வொரு தோட்டாவாக நானே போட்டுத் தருகிறேன் என்றார்.

அது பழைய துப்பாக்கி, குதிரைகள் வெளியே தெரிவது. பயிருக்கு உரிமம் வாங்குபவர்களுக்குக் கடைசியில் கையில் கிடைப்பது இந்த மாதிரிப் பழையதுதான், அதனால் இதிலேயே பழகட்டும் என்றார். அதைத் தோளில் வைத்ததும் எனக்கு என் கொல்லைக்கே வந்துவிட்டது போல இருந்தது. எடையும் அதே, குதிரை நிற்கும் இடமும் அதே. வாஹித் பாய் என் இடது பக்கம், சற்றுத் தள்ளி நின்றார். கன்னம் கட்டையில் சரியாகப் படிகிறதா என்று பார்க்க அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டுமாம். முதல் தோட்டா வெடித்தது, தோளில் உதைத்தது, மண்மேட்டில் புழுதி எழும்பியது. இரண்டாவது தோட்டாவை அவரே போட்டார், குதிரையை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போய் நின்றார்.

நான் டிரிக்கரை இழுத்தேன். டக்கென்று மட்டும் சத்தம் வந்தது.

அவர் என்ன சொல்லியிருந்தாரோ அதை நான் செய்யவில்லை. பாய் என்று குரல் கொடுக்கவில்லை. குழலை இடது பக்கம் தரையைப் பார்க்கச் சாய்த்தேன். கட்டை விரலால் குதிரையைப் பின்னுக்கு இழுத்தேன். ஊதுவதற்குத் தலையைக்கூடக் குனிந்தேன். குனிந்த பிறகுதான் அங்கே கேப்பு இல்லை என்பதும், நான் நிற்பது பரண் இல்லை என்பதும் புத்திக்கு வந்தது. திடுக்கிட்டதில் கட்டை விரல் நழுவியது. குதிரை விழுந்தது. இந்த முறை வெடித்தது.

வாஹித் பாய் உட்கார்ந்த நிலையில் கீழே இருந்தார். அவருடைய இடது கால் கேன்வாஸ் ஷூவின் முன்பாகம் இல்லை. அவர் கத்தவில்லை. முதலில் அவர் சொன்னது, "துப்பாக்கியக் கீழ வைங்க. குழல் மண்மேட்டைப் பாக்கட்டும். எல்லாரும் பின்னாடி போங்க" என்பதுதான். நான் வைத்த பிறகுதான் காலைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வலது கையைப் பார்த்தார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

டில்லிபாபு துண்டை அவிழ்த்து அவர் காலில் கட்டினான். பக்தவச்சலத்தின் காரில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே போலீசார் வந்தபோது, சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்சில் படுக்க வைத்திருந்த வாஹித் பாய், நான் பக்கத்தில் நிற்கும்போதே, "புது ஆளு சார். முதல் நாளே நான் குடுத்திருக்கக் கூடாது. தப்பு என்னுது" என்று சொன்னார். அதன் பிறகு அதிகாரி என் பக்கம் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டார். "நான் துப்பாக்கியையே இன்னிக்குத்தான் சார் தொட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். எழுதிக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பாவம் பயந்துபோயிருக்கிறான் என்று யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது டில்லிபாபு வண்டியை நிறுத்தச் சொன்னான். "பாவா, சொல்லிடு பாவா. அவரு கேட்டாரே" என்றான். "சொன்னா கொட்டகைக்கு வருவாங்க. உங்க அக்கா ஜெயிலுக்கு சோறு எடுத்துகினு அலையட்டுமா?" என்று கேட்டேன். இறங்கி நின்றவன் மறுபடி ஏறிக்கொண்டான். போலீசில் அவன் கொடுத்த வாக்குமூலத்தில், தான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால், அது நான் சொல்லிக் கொடுத்தது. அவன் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் மேல் குற்றம் இல்லை.

அதன் பிறகு வாஹித் பாயின் இடது பாதத்தில் பெருவிரலோடு பக்கத்து விரல்களையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சங்கம் புகார் கொடுத்தது, வழக்கு அவர் மேல் வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வழக்கு என் மேல் இல்லை என்கிற நிம்மதி. வயிற்றில் அது இரண்டு வேளைக்கு மேல் தங்கவில்லை. கொல்லையில் பன்றி இறங்கியது, நான் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பாதிக் கடலை போனது. மீதியைப் பிடுங்கி, அதில் ஒரு பை நல்ல காயாகப் பொறுக்கிக்கொண்டு, ரயிலில் அரக்கோணம் போய் விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி ஹுசைனா. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். "உள்ள வாங்க. நீங்க ரொம்ப மனசு ஒடிஞ்சு கெடப்பீங்கன்னு இவரு சொல்லிகினே இருந்தாரு" என்றார்கள். கடலையை வாங்கிக்கொண்டுபோய் அப்போதே வேகவைக்கப் போட்டார்கள். டீ கொடுத்தார்கள். வாஹித் பாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு தையல் மெஷினின் தலைப்பாகத்தைத் தொடை மேல் வைத்துத் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தார். பழுது பார்த்த பிறகு மிதித்துப் பார்க்க மகள் ஆலிமாவைக் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று தெரிந்தது.

என்னிடம், "துப்பாக்கின்னா பயம் வந்துடுச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "வரக் கூடாது. ஜாக்கிரதை வரணும்" என்றார். எனக்கு உரிமம் கிடைக்க இந்த வழக்கு இடைஞ்சலாகுமோ என்று அவர்தான் கவலைப்பட்டார். தம் பயிற்சி உரிமம் ரத்தானால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்றுதான் தமக்குத் தெரியவில்லை என்றும், சிறுவயதிலிருந்து தமக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான் என்றும் சொல்லிச் சிரித்தார். அவருடைய மனைவி அப்போது அங்கிருந்து எழுந்து உள்ளே போனார்கள்.

அந்த அம்மா போன பிறகு, அவர் திருகாணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "புது ஆளுங்க, வெடிக்கலன்னா என்னைத் திரும்பிப் பாப்பாங்க. இல்லன்னா பயந்து அப்படியே வெறச்சுப்போய் நிப்பாங்க. இத்தினி வருஷமா பாக்கறேன். உங்க கட்டை விரல் நேரா குதிரைக்குப் போச்சு." நான் கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எங்க பழகினீங்கன்னு கேக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேன். இப்பவும் கேக்கல" என்றார். அதன் பிறகு வெந்த கடலை வந்தது. நன்றாக இருக்கிறது, எந்த ஊர்க் காய் என்று கேட்டார். எங்கள் கொல்லைக் காய் என்றேன். சொல்லப் போனவன் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அந்த அம்மா குடுத்த டீய குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்படி எறங்குச்சு உனக்கு?"

தெலுங்கில் தனக்குத் தானே என்னைத் திட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், சாக்கோடு துப்பாக்கியை இறக்கிக் கொண்டு வந்து வாசலில் வைத்தாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க வைத்தாள். நான் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை. காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். போலீசார் வந்து கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் அதைக் கைப்பற்றினார்கள். அதற்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். சொன்னேன். அதை நடுவர் ஐயா முன்னிலையில் சொல்ல வேண்டும் என்று இங்கே அனுப்பினார்கள்.

வாஹித் பாய் தெரிந்துகொண்டேதான் பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டார் என்பதால் அவர் உண்மையை மறைத்தார் என்று யாராவது சொல்லக்கூடும். அவருக்குத் தெரிந்தது என் கட்டை விரல் போன திசை மட்டும். என் வாயால் நான் சொல்லவில்லை. வெறும் விரலைப் பார்த்து ஒருவனை ஜெயிலுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கும், பொய் சொல்லிப் பயிற்சியில் சேர்ந்ததற்கும், போலீசில் பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கும், அவர் காலுக்கும் என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுக்கலாம். காலுக்கு என்ன கொடுத்தாலும் ஈடாகாது, அது எனக்குத் தெரியும். அவருடைய ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேட்க மாட்டேன் என்றதை அவர் இரண்டு முறையும் காப்பாற்றினார். ஆகவே கேட்காமலே இங்கே பதில் சொல்கிறேன். என் கை பழகியது எங்கள் கடலைக் கொல்லையில், பரண் மேல், என் தகப்பனாரின் துப்பாக்கியில். இதை வாஹித் பாய்க்குப் படித்துக் காட்ட வேண்டும். நானாகப் போனால் மறுபடியும் டீ குடித்துவிட்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

எழுதியதை எழுத்தர் முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொல்லாத எதுவும் இதில் சேர்க்கப்படவில்லை, சொன்ன எதுவும் விடப்படவில்லை. இதில் இருப்பதெல்லாம் நடந்ததுதானா என்று நடுவர் ஐயா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஆங்" என்றேன்.

கையெழுத்து,
மு. கஜபதி